காபன் உண்மையிலேயே கலக்கிறதா?

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எல்லாருக்கும் இந்த வரிகள் நித்திரையிலும் வரும். காபனின் 2எஸ் ஒபிற்றலில் இருக்கும் ஓர் இலத்திரன் அருட்டப்பட்டு வெறுமையான 2பீ ஒபிற்றலுக்குச் செல்லும். பிறகு ஒரு எஸ் ஒபிற்றலும் மூன்று பீ ஒபிற்றல்களும் கலந்து சமனான நான்கு எஸ்பீ3 கலப்பின ஒபிற்றல்களைத் தரும். அவை நான்முகியின் உச்சிகளை நோக்கி இருக்கும். ஆகவே மெதேனின் பிணைப்புக் கோணம் 109.5 பாகை. எழுதினால் புள்ளி விழும். நாங்களும் அப்பிடித்தான் எழுதினோம்.

அந்த விடையில் வரும் 'பிறகு', 'ஆகவே' என்ற இரண்டு சொற்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கோ. காபன் அணு முதலில் ஒன்றைச் செய்தது, பிறகு இன்னொன்றைச் செய்தது, கடைசியில் நான்முகி வந்தது எண்டு ஒரு சம்பவக்கதை மாதிரி இருக்கு. ஆனால் வரலாற்றில் நடந்தது தலைகீழ். நான்முகி முதலில் வந்தது. கலப்பாக்கம் ஐம்பது வருசத்துக்கும் மேல் கழித்து, அந்த நான்முகிக்கு விளக்கம் சொல்ல வந்தது.

1874இல் ஒல்லாந்தைச் சேர்ந்த வான்ட் ஹொஃப் என்ற 22 வயது இளைஞரும், அவரோடு தொடர்பில்லாமல் பிரான்சில் லெ பெல் என்பவரும், காபனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்குகின்றன என்றார்கள். அப்போது இலத்திரனே கண்டுபிடிக்கப்படவில்லை, அதற்கு 1897 வரை பொறுக்க வேண்டும். பிறகு எப்பிடித் தெரிந்தது? எண்ணிப் பார்த்துத்தான். மெதேன் ஒரு தட்டையான சதுரமாக இருந்தால் இருகுளோரோமெதேனில் இரண்டு வகை இருக்க வேண்டும், குளோரீன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஒன்று, எதிரெதிரே இருப்பது மற்றது. கிடைத்ததோ ஒரே ஒரு வகை. இன்னொரு பக்கம், தசையிலிருந்து எடுத்த இலக்திக் அமிலம் முனைவாக்கப்பட்ட ஒளியைத் திருப்பியது, புளித்த பாலிலிருந்து எடுத்தது திருப்பவில்லை. தாளில் வரைந்த தட்டைப் படத்தால் இதை விளக்க முடியாது. இடக்கையும் வலக்கையும் போல இரண்டு வடிவங்கள் வேண்டுமென்றால் மூலக்கூறு வெளியில் விரிந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பெரிய ஜேர்மன் இரசாயனவியலாளர் கோல்பே இதை 1877இல் அச்சிலேயே நக்கலடித்தார். மிருகவைத்தியக் கல்லூரியில் வேலை பார்க்கும் பெடியன் அங்கிருந்தே ஒரு பறக்கும் குதிரையை இரவல் வாங்கி ஏறிப் போய் அணுக்களைப் பார்த்திருக்கிறான் என்ற தோரணையில். 1901இல் இரசாயனவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அந்தப் பெடியனுக்குத்தான் போனது. (வேறொரு வேலைக்காகத்தான், ஆனாலும் எங்களுக்குச் சந்தோசம்.)

1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தபோது புதிய சிக்கல் ஒன்று கிளம்பியது. பௌதிகவியலாளர்களின் காபனில் எஸ் ஒபிற்றல் ஒரு கோளம், அதற்குத் திசையே இல்லை. மூன்று பீ ஒபிற்றல்களும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் நிற்கின்றன. சோடியில்லாத இலத்திரன்கள் இரண்டு மட்டுமே. அந்தக் கணக்குப்படி காபன் இரண்டு ஐதரசனோடு செங்கோணத்தில் பிணைந்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இரசாயனவியலாளர்களோ ஐம்பது வருசமாக நான்கு சமனான பிணைப்புகளை வைத்துச் சேர்வை சேர்வையாகச் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருந்தது.

இரண்டு பக்கத்தையும் அறிந்த ஒருவராக லைனஸ் போலிங் இருந்தார். கலிபோர்னியாவில் எக்ஸ்-கதிரால் பளிங்குகளை ஆராய்ந்தவர், 1926-27இல் ஐரோப்பா போய்ப் புதிய பௌதிகத்தைப் படித்துவிட்டு வந்தார். 1928இல் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டு, காபனின் நான்முகியைப் புதிய கொள்கையால் விளக்கலாம், விபரம் பின்னர் வரும் என்றார். விபரம் வர ஏறக்குறைய மூன்று வருசம் எடுத்தது. கணிதம் அவ்வளவு கடினம்.

1930 டிசெம்பரில் ஓர் இரவு அவர் ஒரு துணிச்சலான வேலை செய்தார். எஸ், பீ ஒபிற்றல்கள் கருவிலிருந்து தூரம் போகப்போக மாறும் விதத்தில் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை அப்படியே ஒதுக்கிவிட்டுத் திசையை மட்டும் கணக்கில் எடுத்தார். சமன்பாடுகள் சட்டென்று இலகுவாகின. ஒரு திசையில் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அளவாக எடுத்தால் எஸ் ஒபிற்றலுக்கு 1, பீ ஒபிற்றலுக்கு 1.732. இரண்டையும் கலந்து பெறக்கூடிய ஆகச் சிறந்ததற்கு 2. அப்படிப்பட்டவை நான்கு கிடைக்கும், அவற்றுக்கிடையேயான கோணம் 109.5 பாகை. எஸ்ஸையும் பீயையும் கலக்க ஏன் அனுமதி? அவற்றுக்கிடையே உள்ள சக்தி இடைவெளியைவிட, நான்கு பலமான பிணைப்புகளால் கிடைக்கும் இலாபம் பெரிது. 1931 ஏப்ரலில் கட்டுரை வெளியானது. அதே வருசம் ஸ்லேற்றர் என்ற பௌதிகவியலாளரும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

விடை தெரிந்த கணக்கைத்தானே செய்தார், இது ஏமாற்று இல்லையா எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே முறையில் டீ ஒபிற்றல்களையும் சேர்த்தபோது, சில நிக்கல் சேர்வைகள் ஏன் தளச்சதுரமாக இருக்கின்றன, அவற்றின் காந்த இயல்பு ஏன் மற்ற நிக்கல் சேர்வைகளிலிருந்து மாறுபடுகிறது என்பதும் வெளியே வந்தது. ஒரு பூட்டுக்கெண்டு செய்த சாவி பக்கத்து வீட்டையும் திறந்தால் அதை வெறும் தந்திரம் எண்டு ஒதுக்க ஏலாது.

இருந்தாலும் அது ஒரு விபரிக்கும் முறைதான், அணு செய்யும் செயல் இல்லை. இந்த வேறுபாட்டைக் குழப்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1951இல் மொஸ்கோவில் நடந்தது சாட்சி. கலப்பாக்கத்தோடு சேர்ந்து பிறந்த போலிங்கின் இன்னொரு பிள்ளை பரிவு, பென்சீனுக்கு நாங்கள் இரண்டு படம் வரைந்து நடுவில் இருதலை அம்புக்குறி போடுவோமே, அது. இல்லாத கட்டமைப்புகளைப் பற்றிக் கதைப்பதால் அது 'கருத்துமுதல்வாதம்' என்று சோவியத் விஞ்ஞானக் கழகம் கூட்டிய மாநாட்டில் கண்டிக்கப்பட்டது. போலிங்கின் புத்தகத்தை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவருவதில் பங்கெடுத்த சிர்க்கின், டியாட்கினா இருவரும் முக்கிய இலக்கானார்கள். அந்தப் படங்கள் தனித்தனியே இல்லை என்பது உண்மை. போலிங்கே அதைச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த விவாதம் ஆய்வுகூடத்தில் நடக்கவில்லை, பதவிகளும் பட்டங்களும் தொங்கிக்கொண்டிருந்த மண்டபத்தில் நடந்தது. அடுத்த வருசம், 1952இல், போலிங்குக்கு அமெரிக்கா கடவுச்சீட்டு மறுத்தது. காரணம், அவர் கம்யூனிஸ்டுகள் பக்கம் என்ற சந்தேகம்! 1954இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகுதான் ஸ்டொக்ஹோம் போக விட்டார்கள்.

ஆய்வுகூடத்தின் கேள்வி 1960களில் வந்தது. மூலக்கூறு ஒன்றின் மேல் சக்தி கூடிய ஒளியைப் பாய்ச்சி, வெளியே பாயும் இலத்திரன்களின் சக்தியை அளக்கும் முறை உருவானது. மெதேனில் நான்கு சமனான பிணைப்புகள் என்றால் இலத்திரன்கள் ஒரே சக்தி மட்டத்திலிருந்து வரும் எண்டுதான் நாங்கள் எதிர்பார்ப்போம். வந்தது இரண்டு மட்டம். ஒன்று ஏறக்குறைய 14 இலத்திரன் வோல்ற்று, மற்றது 23. போலிங்கின் போட்டியாளர்களான மலிக்கன், ஹுண்ட் ஆகியோரின் மூலக்கூற்று ஒபிற்றல் கொள்கை இதை நேரடியாகவே தருகிறது.

அப்ப கலப்பாக்கம் பிழையா? இல்லை. நான்கு பிணைப்புகளையும் தனித்தனி அறைகளாக நினைக்காமல் ஒன்றோடொன்று இடைத்தாக்கம் கொள்ள விட்டுக் கணித்தால், அதே இரண்டு மட்டங்கள் அதிலிருந்தும் வருகின்றன. பிணைப்பு எங்கே, கோணம் எவ்வளவு எண்டு கேட்டால் போலிங்கின் படம் வசதி. ஓர் இலத்திரனை உருவி எடுத்தால் என்ன நடக்கும் எண்டு கேட்டால் மலிக்கனின் படம் வசதி. மெதேன் ஒன்றுதான்.

அடுத்த முறை தண்ணீரின் படம் வரையும்போது ஒட்சிசனுக்கு மேலே முயல் காது மாதிரி இரண்டு தனிச்சோடிகளைப் போடுவீர்கள் அல்லவா, இரண்டும் ஒரே மாதிரி. அதே முறையில் தண்ணீரை அளந்தபோது அங்கேயும் ஒன்று இல்லை, 12.6, 14.7 எண்டு இரண்டு மட்டங்கள் வந்தன. ஏன் எண்டு உங்கள் சேரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.