வைரஸைக் கண்டுபிடிப்பது எப்படி? – காவல் மென்பொருளின் நாற்பதாண்டு வரலாறு

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அல்ல. ஊரில் இருக்கும் பெற்றோரைத் திரையில் பார்ப்பது, வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே அதற்குள்தான். ஆண்டிவைரஸ் ஒன்றைப் போட்டுவிட்டால் கவலை இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் காவல்காரன் திருடனை எப்படி அடையாளம் காண்கிறான், எந்த இடத்தில் அவனால் முடியாமல் போகிறது என்பதை வரலாற்றின் வழியே சற்றுப் பார்ப்போம்.

பெயர் வந்த கதை

1971-இல் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில், பாப் தாமஸ் என்பவர் சோதனைக்காக எழுதிய 'க்ரீப்பர்' என்ற நிரல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. முடிந்தால் பிடித்துப் பார் என்று திரையில் சவால் விட்டதோடு சரி, கெடுதல் ஏதும் செய்யவில்லை. அதைத் தேடி அழிக்க ரே டாம்லின்சன் 'ரீப்பர்' என்ற நிரலை எழுதினார். இன்றைய ஆண்டிவைரஸுக்கு அதுவே பாட்டன்.

'வைரஸ்' என்ற பெயர் 1983-இல் வந்தது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர், தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் நிரலைச் செய்து காட்டினார். பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடில்மன். மறு ஆண்டே கோஹன் இன்னொன்றையும் நிறுவினார்: எல்லா வைரஸையும் தவறில்லாமல் கண்டுபிடிக்கும் நிரல் ஒருபோதும் சாத்தியமில்லை. அவர் வாதம் எளிமையானது. அப்படி ஒரு காவல்காரன் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நிரல் அவனிடமே போய், "நான் வைரஸா?" என்று கேட்கிறது. "ஆமாம்" என்றால் சும்மா இருந்துவிடுகிறது. "இல்லை" என்றால் பரவத் தொடங்குகிறது. எந்தப் பதிலைச் சொன்னாலும் தவறு காவல்காரனுடையதுதான்! பிறகு வந்த ஆண்டிவைரஸ் எல்லாமே இந்த எல்லைக்குள் நின்று வேலை செய்தவைதான்.

அங்க அடையாளம்

1986-இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் 'பிரெய்ன்' வைரஸை எழுதினார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களுக்குப் பாடம் புகட்டுவதே நோக்கம் என்றார்கள். அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார்கள். ஃப்ளாப்பி வழியே அது பல நாடுகளுக்கும் பரவியது.

இத்தகைய வைரஸ்களைப் பிடிக்க வந்த முதல் முறை, நம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று அங்க அடையாளம் எழுதுவார்களே, அதைப் போன்றது. வைரஸைப் பிரித்துப் பார்த்து, வேறு எதிலும் வராத ஒரு சிறு எண் வரிசையைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு வட்டில் உள்ள ஒவ்வொரு ஃபைலிலும் அந்த வரிசை இருக்கிறதா என்று தேடுவார்கள்.

நம் நாட்டிலும் இந்தத் தொழில் வேர்விட்டது. புனேயில் கைலாஷ் கட்கர் நடத்திய பழுதுபார்க்கும் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்களில் வைரஸ் இருப்பதைக் கண்டு, தம்பி சஞ்சய் எழுதிய நிரல்தான் 'குவிக் ஹீல்' ஆக வளர்ந்தது. சென்னையில் கேசவர்தனன் தொடங்கிய 'கே7' நிறுவனத்தின் மென்பொருள் ஜப்பானிய வீடுகள் வரை போயிற்று. தமிழர்களாகிய நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

மாறுவேடம்

திருடன் மட்டும் சும்மா இருப்பானா? 1980-களின் இறுதியில் வந்த 'காஸ்கேட்', திரையில் உள்ள எழுத்துகளை எல்லாம் மழைபோல் கீழே கொட்ட வைத்தது. தன் உடலைச் சங்கேத எழுத்தில் மறைத்துக்கொண்ட அதில், மறைப்பைப் பிரிக்கும் சிறு பகுதி மட்டும் மாறாமல் இருந்தது. அதை வைத்துப் பிடித்தார்கள். 1990-இல் மார்க் வாஷ்பர்ன் எழுதிய '1260' அந்தப் பகுதியையும் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டது. மச்சமே இல்லாத திருடன்!

இதற்கு விடையாக, சந்தேகத்துக்குரிய நிரலை ஒரு பொய்க் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வேலை செய்ய வேண்டுமானால் வேடத்தைக் கலைத்துத்தானே ஆக வேண்டும்? இன்னொரு வழி, முகத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்ப்பது. மற்ற நிரல்களுக்குள் போய் எழுதுகிறதா, ஃபைல்களை அடுக்கடுக்காகப் பூட்டுகிறதா என்று கவனித்து மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் எல்லை தாண்டினால் தடை.

2000 மே 4 அன்று 'ஐ லவ் யூ' வைரஸ் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிச் சில மணி நேரத்தில் உலகைச் சுற்றியது. காதல் கடிதம் என்று திறந்தவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தானே போய்ச் சேர்ந்தது. அடையாளம் எழுதி அனுப்பும் முன்பே சேதம் நடந்துவிட்டது. அதன்பின் அடையாளப் பட்டியலை இணையம் வழியே உடனுக்குடன் புதுப்பிப்பது இன்றியமையாததாயிற்று.

அவசரத்துக்கும் விலை உண்டு. 2010 ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய ஒரு பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. கோஹன் சொன்ன எல்லை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி.

இன்றைய நிலை

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஆண்டிவைரஸ் கூடவே வருகிறது. ஆனால் பட்டியலைப் போலவே விண்டோஸையும் புதுப்பிக்க வேண்டும். 2017 மே மாதம் 'வான்னாகிரை' புகுந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்திருந்தது. அந்தத் திருத்தத்தைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

இப்போது திருடன் கம்ப்யூட்டரை விட்டு மனிதரிடமே வந்துவிட்டான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு செயலியை அனுப்புகிறான். போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. பயந்துபோய் நாமே பணத்தை அனுப்பும்போது, ஆண்டிவைரஸ் அதில் எந்த மச்சத்தைத் தேடும்?

ஆகவே மென்பொருள் தன் வேலையைச் செய்யட்டும். மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடம் அடுத்த முறை பேசும்போது இதை விளக்கிச் சொல்லுங்கள். யார் மிரட்டினாலும் போனை வைத்துவிட்டு நம்மைக் கூப்பிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.