பெல்மாண்ட் மாளிகையும் எங்கள் ஹனூர்ச் சீமையும்

டிசம்பர் பிறந்தால் இங்கிலாந்தில் ஆய்வு செய்யும் நம் மாணவர்களிடமிருந்து ஒரே வகையான படங்கள் வரத் தொடங்கும். பனி படர்ந்த புல்வெளி, அதன் நடுவே ஏதோ ஒரு பிரபுவின் பழைய மாளிகை, வாயிற்கதவில் ஹாலி இலை வளையம், உள்ளே கூரையைத் தொடும் கிறிஸ்துமஸ் மரம். பல்கலைக்கழகம் மூடியிருக்கும், விடுதியில் ஆளிருக்காது, நுழைவுச்சீட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு நான்கைந்து பேராகப் போய் வருவார்கள். நல்ல வழக்கம்தான். ஹனூரில் இருந்தபடி அந்தப் படங்களைப் பார்க்கும் நான், தனித்தனியே எழுதிவந்த பதிலை இம்முறை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்: முடிந்தால் பெல்மாண்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். நம் பக்கத்து வரலாற்றின் ஓர் அத்தியாயம் அங்கே இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கெண்ட் வட்டாரத்து ஃபாவர்ஷம் நகருக்குத் தெற்கே, த்ரோலி என்னும் சிற்றூரை அடுத்து இருக்கிறது பெல்மாண்ட். இன்றைய வடிவை அதற்குத் தந்தவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெற்றிருந்த கட்டடக் கலைஞர் சாமுவேல் வயட். செங்கல்லைப் போலவே தோன்றும் ஓடுகளால் போர்த்திய வெளிச்சுவர், ஆரஞ்சுச் செடிகளைக் குளிரிலிருந்து காப்பதற்கான கூடம், மதில் சூழ்ந்த காய்கனித் தோட்டம், ஊசியிலை மரத் தோப்பு என ஆங்கிலப் பண்ணை மாளிகைக்கு உரிய இலக்கணங்கள் அனைத்தும் அங்குண்டு. ஐந்தாம் ஹாரிஸ் பிரபு திரட்டிய கடிகாரத் தொகுப்புக்காகவே பலர் அங்கே செல்கின்றனர். ஆனால் வரலாற்று மாணவர் முதலில் படிக்க வேண்டியது அந்தக் குடும்பத்தின் பட்டத்தை. 1815இல் அளிக்கப்பட்ட அப்பட்டத்தின் முழு வடிவம், கிழக்கிந்தியாவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் ஆகியவற்றுக்கும் கெண்ட் வட்டாரத்துப் பெல்மாண்டுக்கும் உரிய ஹாரிஸ் பிரபு என்பது. மூன்று இடப்பெயர்கள் ஒரே பட்டத்தில் நிற்கின்றன. அவற்றை இணைத்தது எது என்பதே கேள்வி.

ஜார்ஜ் ஹாரிஸ் 1746இல் பிறந்தவர். கெண்டிலேயே பிராஸ்டட் என்னும் ஊரில் துணைப் போதகராக இருந்தவரின் மகன். பரம்பரைச் சொத்து என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில், 1775ஆம் ஆண்டின் பங்கர் ஹில் சண்டையில் தலையில் காயம்பட்டுப் பிழைத்தார். நான்காம் மைசூர்ப் போரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அன்றிரவு நகரம் சூறையாடப்பட்டது. சூறையை அடக்க மறுநாள் ஆர்தர் வெல்லெஸ்லி தம் படைவீரர்களிலேயே சிலரைத் தூக்கிலிட வேண்டியிருந்தது.

தனியாட்கள் அள்ளியது போக, அரண்மனைக் கருவூலத்தில் அகப்பட்டது முறைப்படி கணக்கிடப்பட்டது. அதற்குப் பெயர் 'பரிசுப் பணம்'. அதன் மதிப்பு பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல். பதவி வரிசைப்படி அது பங்கிடப்பட்டது. தலைமைத் தளபதி என்ற முறையில் ஹாரிஸுக்குக் கிடைத்தது ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. அந்தக் கோட்டைச் சுவரில் ஏறிய சென்னைப் படைச் சிப்பாய்க்குக் கிடைத்ததோ சில பவுண்டு. தளபதி உரிய அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டார் என்று கம்பெனி இயக்குநர்களே வழக்குத் தொடுத்தார்கள். தீர்ப்பு ஹாரிஸுக்குச் சாதகமாக முடிந்தது. சட்டப்படி ஈட்டிய செல்வம் என்று அக்குடும்பம் சொல்லிக்கொள்ள இத்தீர்ப்பு இடமளித்தது. 1801இல் அந்தப் பணத்தில் அவர் வாங்கியதே பெல்மாண்ட். அதன் முந்தைய உடைமையாளரான ஜான் மாண்ட்ரெசர், அமெரிக்கப் போரில் பணியாற்றிய படைப் பொறியாளர். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த அதே 1799ஆம் ஆண்டில் மெய்ட்ஸ்டன் சிறையில் இறந்தார். ஒரு பேரரசின் இரு சேவகர்களில் ஒருவருக்கு அமெரிக்கா தந்த மாளிகையை மற்றவருக்கு மைசூர் வாங்கித் தந்தது.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. அந்தக் கருவூலம் யாருடையது? திப்புவினுடையது என்று சொல்லி நிறுத்திவிட்டால் பாதி வரலாறுதான் கிடைக்கும். அரசனின் கருவூலத்தை நிரப்பியது குடியானவனின் நிலவரி. கொள்ளேகாலம் சீமையும் அதில் அடங்கிய எங்கள் ஹனூர்ப் பக்கமும் அப்போது மைசூர் ஆட்சிக்கு உட்பட்டவை. இங்கே மானாவாரியில் விளைந்த கேழ்வரகின் ஒரு பங்கும் வரியாக அந்தக் கருவூலத்துக்குப் போயிருக்கிறது. குடகிலும் மலபாரிலும் நடந்த படையெடுப்புகளின் செல்வமும் அதில் கலந்திருந்தது. 1784இல் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்ட மங்களூர்க் கத்தோலிக்கருள் எஞ்சியிருந்தவர்களுக்கு அந்த வீழ்ச்சியே விடுதலையாயிற்று. 1799ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸை அவர்கள் சிறையிருப்பு நீங்கிய மக்களாகக் கொண்டாடியிருப்பார்கள். ஒரே நிகழ்வு ஒருவருக்குச் சூறை, மற்றொருவருக்கு மீட்பு, மூன்றாமவருக்கு ஒரு மாளிகை. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுவது எளிது. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதுவதே நம் வேலை.

கிறிஸ்துமஸ் அலங்காரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய மாளிகையில் மரமும் விளக்குகளும் காணும்போது, தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இருந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஹாலியும் ஐவியும் கட்டுவது பழைய வழக்கம்தான். மரம் அப்படியன்று. அரசி சார்லட் 1800இல் வின்ட்சரில் ஒரு மரத்தை அலங்கரித்தார் என்பது பதிவாகியிருக்கிறது. ஆயினும் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகே அது வீடுதோறும் பரவியது. அதாவது, நம் மாணவர்கள் படமெடுக்கும் 'தொன்மையான' கிறிஸ்துமஸைவிட அம்மாளிகையின் மைசூர்த் தொடர்பு வயதில் மூத்தது. இளையது கூடத்தின் நடுவே ஒளிர்கிறது. மூத்ததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திப்புவின் நகரில் கொள்ளைபோன வைரம் ஆங்கிலேயரின் மாளிகைக்குள் வந்து அமைதியைக் குலைப்பதாக வில்கி காலின்ஸ் 1868இல் 'மூன்ஸ்டோன்' நாவலை எழுதினார். நாவலாசிரியருக்கு அன்றே தெரிந்திருந்தது இது.

கெண்டுக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் உதகைக்குப் போகலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. கொள்ளேகாலம் அம்மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1956 நவம்பர் 1இல் மைசூர் மாநிலத்தோடு இணையும்வரை சென்னையின் ஆட்சியில் இருந்தது. எங்கள் ஊர்களில் தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கு அந்த நெடுங்காலமும் ஒரு காரணம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் கல் வீடு கட்டி, சுற்றிலும் இங்கிலாந்துக் காய்கறிகளும் மரங்களும் பயிரிட்டபோது, ஹனூரும் அவருடைய ஆளுகைக்குள்தான் இருந்தது.

உதகையின் புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23இல். அப்போது சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். அவர் வேறு யாருமல்லர். ஜெனரல் ஹாரிஸின் மருமகன், பின்னாளில் 1840இல் மாமனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். அந்த ஆலயத்துக்குரிய பெரிய உத்தரமும் மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைக் கலைத்து எடுத்தவை. நூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்து மலையேற்றப்பட்டவை. மாமனார் வென்ற நகரின் பணம் கெண்டில் மாளிகையாயிற்று. மரம், மருமகனின் ஆட்சியில் நீலகிரியில் ஆலயமாயிற்று. அடிக்கல் நாட்டி ஒரு மாதம் முடிவதற்குள், 1829 மே மாதத்தில், ஹாரிஸ் பெல்மாண்டில் இறந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் புனித ஸ்டீபனின் திருநாள். அன்று அந்த ஆலயத்துக்குள் சென்று ஒருமுறை தலையை உயர்த்திக் கூரையைப் பாருங்கள். இழுத்துவந்தவர்களின் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை.

பெல்மாண்டுக்குப் போகும் மாணவர்களுக்கு ஓர் ஆலோசனையோடு முடிக்கிறேன். மாளிகை திறந்திருக்கும் நாள்களைக் குளிர்காலத்தில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பழி சொல்லும் மனத்தோடு போக வேண்டாம். இன்று அதைப் பேணுபவர்கள் கோட்டையைத் தகர்த்தவர்கள் அல்லர். வாய் பிளந்து வியக்கும் மனத்தோடும் போக வேண்டாம். ஒரு கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் அந்த வீட்டைப் படியுங்கள். வாங்கியவர் யார் என்பதை விளக்கப் பலகை சொல்லும். பணம் எந்த ஊர்களிலிருந்து வந்தது, எத்தனை கைகள் வழியாக வந்தது என்று நீங்கள் கேளுங்கள். வழிகாட்டியிடம் மரியாதையோடு கேட்டால் அவரும் அடுத்த குழுவுக்கு அதைச் சொல்லத் தொடங்குவார்.

தோட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதன் கீழே ஃபாவர்ஷம் என்று எழுதும் இடத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் என்றும் சேர்த்து எழுதுங்கள். ஹனூரில் இருப்பவர்களுக்கு அது வெளிநாட்டுப் படமாகத் தோன்றாது.