கிட்டங்கியின் உள்ளமைப்பும் நகரத்தார் தொழில் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

அலுவலகத்தின் உள்ளமைப்பு ஒரு நிறுவனத்தின் பண்பாட்டைப் புலப்படுத்தும் என்னும் கருத்து, இருபதாம் நூற்றாண்டு மேலைநாட்டு மேலாண்மைச் சிந்தனையின் விளைவாகவே பெரிதும் எண்ணப்படுகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தென்கிழக்காசிய நகரங்களில் நடத்திய கிட்டங்கிகளின் உள்ளமைப்பை ஆராயும் இக்கட்டுரை, அங்கு நிலவிய பதவிமுறையும் நம்பிக்கையும் பயிற்சியும் இருக்கை ஒழுங்கின் வழியாகவே நிலைபெற்றன என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கிட்டங்கி, நகரத்தார், வட்டிக்கடை, பெட்டியடி, விலாசம், உள்ளமைப்பு.

முன்னுரை

1950களின் இறுதியில் ஜெர்மனியில் தடுப்புச் சுவர்களை நீக்கிய திறந்த அலுவலகக் கூடங்கள் வடிவமைக்கப்பட்டன. ஊழியரிடையே தகவல் தடையின்றிப் பரவவேண்டும் என்பது அவ்வடிவமைப்பாளர்களின் நோக்கம். இடத்தின் வடிவம் தொழிலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் என்னும் சிந்தனை அதன்பின் உலகெங்கும் பரவிற்று. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் இரங்கூனின் மொகல் தெருவிலும் தமிழ் வணிகர் சுவரற்ற கூடங்களில் அமர்ந்து பெருந்தொகைகளைக் கையாண்டனர். இக்கூடங்களின் பொருளியல் பங்கு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. 1929–30இல் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, தன் அறிக்கையில் செட்டியார்களுக்குத் தனி இயலே ஒதுக்கியது. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல் அவர்களது வணிக அமைப்பைச் சாதி, சமய நிறுவனங்களோடு இணைத்து விளக்கியது. இவ்வாய்வுகளின் துணையுடன், கூடத்தின் உள்ளமைப்பைத் தனியே நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

கூடத்தின் அமைப்பு

கிட்டங்கி என்னும் சொல் சரக்கு வைக்கும் கிடங்கைக் குறிப்பது. கடல் கடந்த நகரங்களில் அது பல வட்டிக்கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கிய நீண்ட கூடத்திற்குப் பெயராயிற்று. ஒவ்வொரு கடைக்கும் தரையில் சிறிதளவு இடமே உரியது. அங்கு ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பணப்பெட்டி, ஏடுகள் வைக்க ஓர் அலமாரி ஆகியன இருந்தன. நாற்காலி இல்லை, மேலாள் சம்மணமிட்டு அமர்ந்தார். பணியிடமும் உறைவிடமும் ஒரே கட்டடத்தில் அமைந்தன.

இவ்வெளிமையைச் சிக்கனம் என்று மட்டும் கொள்வது போதாது. மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் அனுப்பப்பட்டவர். கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புபவர். இடம் அவருக்கு உரியதன்று. முதலாளி குடும்பத்தின் முன்னெழுத்துகளாலான விலாசத்திற்கு உரியது. ஆள் மாறினாலும் பெட்டியும் பேரேடும் அதே இடத்தில் இருந்தன. தனியாளின் உயர்வைக் காட்டும் அறையோ இருக்கையோ இல்லாமை, நிலைத்திருப்பது விலாசமே என்பதை நாள்தோறும் உணர்த்தியது.

இருக்கையே பதவி

வட்டிக்கடையின் பதவிப் பெயர்கள் இங்கு முதன்மைச் சான்றாகின்றன. பயிற்சிக்கு வந்த சிறுவன் பெட்டியடிப் பையன் எனப்பட்டான். அதாவது பணப்பெட்டியின் அருகில் இருப்பவன். அவனுக்கு மேல்நிலையில் இருந்தவர் அடுத்தாள். கடையை நடத்தியவர் மேலாள். மூன்று பெயர்களும் செய்யும் வேலையைச் சுட்டவில்லை; பெட்டியையோ மற்றோர் ஆளையோ சார்ந்த இடத்தைச் சுட்டுகின்றன. எழுத்தர், காசாளர் போன்ற பெயர்களோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

பயிற்சியும் இவ்வொழுங்கில் அடங்கியது. பெட்டியடியில் இருந்த சிறுவன் கடன் கேட்போரின் பேச்சையும் மேலாளின் மறுமொழியையும் கேட்டான்; வட்டிக் கணக்கையும் ஐந்தொகை எடுக்கும் முறையையும் கண்டு பழகினான். மெதன் நகர வட்டிக்கடையில் பணியாற்றிய ப. சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்கள் இவ்வுலகத்தை உள்ளிருந்து காட்டும் இலக்கியச் சான்றுகளாகும்.

நம்பிக்கையும் கண்காணிப்பும்

சுவரின்மைக்குப் பிறிதொரு பயனும் உண்டு. நகரத்தார் கடைகள் தமக்குள் கடன் கொடுத்து வாங்கின. இரங்கூனில் நடப்பு வட்டி விகிதம் மாதந்தோறும் செட்டியார் கோயிலில் கூடித் தீர்மானிக்கப்பட்டது. பக்கத்துக் கடையின் வரவு செலவு கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் நிகழ்ந்தமையால், நாணயம் தவறிய செய்தி மறைந்திருக்க வாய்ப்புக் குறைவு. கோயிலின் கூட்டமும் கிட்டங்கியின் கூடமும் ஒரே நம்பிக்கை முறையின் இரு தளங்கள் எனலாம். ஆயினும் அந்நம்பிக்கை கண்காணிப்பும் ஆகும். இளம் ஊழியருக்குத் தனிமை என்பதே இல்லை. உணவும் உறக்கமும் மூத்தோர் பார்வையிலேயே கழிந்தன.

அதன் எல்லைகளும் குறிக்கத்தக்கன. கிட்டங்கி ஆண்களின் உலகம். பெண்கள் பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகளிலேயே இருந்தனர். கூடத்தில் அமர்ந்தோரிடையே நிலவிய பரிவர்த்தனை நம்பிக்கை, ஈட்டின் பேரில் கடன் பெற்ற பர்மிய உழவரை உள்ளடக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபின், கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்து 1937இல் 25 விழுக்காடாயிற்று. உள்ளே நம்பிக்கையை வளர்த்த அமைப்பு, வெளியே எழுந்த பகையைக் காண உதவவில்லை.

தரையிலிருந்து கோபுரத்திற்கு

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒருங்கே தொடங்கினார். விலாசத்தின் இடத்தில் பங்குதாரர் நிறுவனம் வந்தது. அவர் தம் காப்பீட்டு நிறுவனத்திற்காகத் திட்டமிட்ட அண்ணாசாலைக் கட்டடம், 1954இல் அவர் மறைந்து, 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையான பின், 1959இல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறக்கப்பட்டது. அன்று இந்தியாவின் மிக உயரமான கட்டடம் அதுவே. கிட்டங்கி தன் பண்பை உள்ளே இருப்பவர்க்கு உணர்த்தியது. இக்கட்டடம் தெருவில் செல்பவர்க்கு அறிவித்தது. ஒரே வணிக மரபில், பண்பாட்டை உணர்த்தும் பொறுப்பு உள்ளமைப்பிலிருந்து முகப்பிற்கு மாறியதை இது காட்டுகிறது.

முடிவுரை

கிட்டங்கியில் உள்ளமைப்பு பண்பாட்டின் அலங்காரமாக அமையவில்லை. பண்பாடு இயங்கிய முறையாகவே அமைந்தது என்பது இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். சிங்கப்பூரின் பழைய கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. அக்காலக் கணக்குப் பெட்டிகளும் மேசைகளும் இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தனித்தனியே விற்கப்படுகின்றன. பெட்டியைப் பாதுகாக்க அருங்காட்சியகம் போதும். அதன் அருகில் யார், எவ்வளவு தொலைவில், யாரை நோக்கி அமர்ந்தார் என்பதை அங்குப் பணியாற்றிய முதியோரின் நினைவே சொல்ல வல்லது. அந்நினைவுகளை இருக்கை வரைபடங்களோடு பதிவு செய்வது தமிழ் வணிக வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும்.