சிவபுரத்தில் நின்ற போலி நடராஜர்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951இல் நிலத்தைத் தோண்டியபோது சில செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கால நடராஜரும் ஒன்று. புதையலாகக் கருதி அவற்றைக் கைக்கொண்ட அரசு, பின்னர் ஊரிலுள்ள சிவகுருநாத சுவாமி கோயிலிடமே வழிபாட்டுக்காக ஒப்படைத்தது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்ததால் திருமேனிகளைச் செப்பனிட வேண்டியிருந்தது. 1954இல் அந்தப் பணி கும்பகோணத்துச் சிற்பி ஒருவரிடம் போனது. பட்டறையிலிருந்து கோயிலுக்குத் திரும்பி வந்தவை புதிதாக வார்த்த நகல்கள். மூலத் திருமேனிகள் விலைக்குப் போயிருந்தன.

மெழுகு வார்ப்பில் இரட்டைப் பிள்ளை கிடையாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தை முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். நகல் வேண்டுமென்றால் மூலத்தைப் பார்த்து மறுபடியும் மெழுகில் தொடங்க வேண்டும். உடல் அளவுக்கான தாளக் கணக்கும் முத்திரையும் ஆயுதங்களும் அப்படியே அமைந்துவிடும். ஆனால் தோளின் சரிவும் தூக்கிய திருவடியின் வளைவும் செய்தவரின் கைக்கும் காலத்துக்கும் உரியவை. நூற்றாண்டுகளாக ஏறிய களிம்பையும் அபிஷேகத்தில் மழுங்கிய முகத்தையும் புது வார்ப்பில் கொண்டுவருவது அதைவிடக் கடினம்.

ஆனாலும் சிவபுரத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை. பூசை நடந்தது, மாலையும் பட்டும் சாத்தப்பட்டன. கோயிலில் இருப்பது புதியது, பழையது பம்பாயில் தனியாரிடம் இருக்கிறது என்று 1965இல் எழுதியவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட். சோழர் செப்புச் சிலைகளைப் பற்றிய அவருடைய நூலில் அந்தச் செய்தி வந்தது. அதற்குப் பிறகும் சிலை நாட்டைவிட்டு வெளியேறியதுதான் வேதனை. நியூயார்க் வணிகர் ஒருவர் வழியாக, 1973இல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை ஏறத்தாழ 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு 1974இல் வழக்குத் தொடுத்தது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டது: பத்தாண்டு அங்கே காட்சியில் இருக்கலாம், பிறகு திருப்பித்தர வேண்டும். 1986இல் நடராஜர் இந்தியா திரும்பினார்.

மேல்நாட்டு அருங்காட்சியகங்களைக் கலங்கவைத்த போலிகள் வேறு வகை. எரிக் ஹெப்போர்ன் என்ற ஆங்கிலேயர் பழைய நூல்களின் வெற்றுத் தாள்களில், பழைய முறையில் கலந்த மையால், 15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்களின் பாணியில் கோட்டோவியங்கள் வரைந்தார். 1978இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் அதிகாரி, தம்மிடமிருந்த ஓர் ஓவியமும் நியூயார்க் மார்கன் நூலகத்திலிருந்த வேறோர் ஓவியரின் படைப்பும் ஒரே வகைத் தாளில் இருப்பதைக் கண்டார். இரண்டும் ஒரே வணிகரிடம் வாங்கியவை. அங்கே அருங்காட்சியகத்தில் இருந்தது போலி. அதற்கு மூலமே கிடையாது. சிவபுரத்து விவகாரத்தில் மூலம் அருங்காட்சியகத்துக்குப் போனது, போலி கருவறைப் பக்கம் நின்றது. ஏமாந்தவர்கள் கற்பூரம் காட்டிக் கும்பிட்ட ஊர் மக்கள்.

பின்னாளில் சிலைக் கடத்தல்காரர்கள் சிலையை விட்டுக் காகிதத்தைப் போலியாக்கினார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை நெடுநாள் முன்பே இந்தியாவைவிட்டு வந்ததாகக் காட்டிய உரிமைப் பத்திரங்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பு கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014இல் அந்த நடராஜரும் திரும்பினார்.

மலேசியத் தமிழர்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரக் கோயில்களின் உற்சவர்கள் பலர் சுவாமிமலைப் பக்கத்துப் பட்டறைகளில் வார்க்கப்பட்டுக் கடல் கடந்து வந்தவர்கள். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில், கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் போன்றவை நூறாண்டைத் தொட்டவை. கும்பாபிஷேகம் வரும்போது பழைய திருமேனிகளை மெருகிடவும் சீர்செய்யவும் வெளியே கொடுப்பது இயல்பு. சிவபுரத்தில் மாற்று நடந்ததும் அந்தக் கட்டத்தில்தான். ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் பீடத்தின் அடியும் தெரியப் படமெடுத்து, உயரமும் எடையும் பழைய வடுக்களும் குறித்து, ஒரு பிரதியைக் கோயிலுக்கு வெளியிலும் நிர்வாகத்தினர் வைத்துக்கொள்ள வேண்டும். அனுப்பும் முன்பே அதைச் செய்யுங்கள்.