உயர் அபாயக் கட்டடங்கள்: கட்டும்போதே விதிமுறைகளைச் சரிபார்ப்பது எப்படி? இங்கிலாந்தின் நடைமுறை ஒரு விளக்கம்

லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று ஏற்பட்ட தீவிபத்தில் 72 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர், உயரமான கட்டடங்களைக் கட்டுமானக் காலத்திலேயே கண்காணிக்கும் முறையை இங்கிலாந்து முற்றிலும் மாற்றியமைத்தது.

ஆய்வு நடந்தும் தவறியது ஏன்?

விபத்துக்கு முந்தைய ஆண்டில்தான் அக்கட்டடத்தின் புதுப்பிப்புப் பணிகள் நிறைவுற்றன. பணிக்காலத்தில் உள்ளூர் மன்றத்தின் ஆய்வாளர்கள் 16 முறை நேரில் பார்வையிட்டதாகச் செய்திகள் வெளியாகின. நிறைவுச் சான்றிதழும் வழங்கப்பட்டது. ஆயினும், எளிதில் தீப்பற்றும் பாலிஎத்திலீனை உள்ளடக்கிய அலுமினியப் பலகைகள் வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருந்தன. அச்சுவர்கள் கட்டட விதிமுறைகளுக்கு இணங்கவில்லை என விசாரணை ஆணையம் 2019-இல் தெரிவித்தது. பார்வையிடுவது மட்டுமே சரிபார்ப்பு ஆகாது என்பதை இது உணர்த்தியது.

மூன்று வாயில்கள்

2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், குறைந்தது 18 மீட்டர் உயரம் அல்லது 7 தளங்கள் கொண்ட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்கள் உயர் அபாயக் கட்டடங்களாகக் கருதப்படுகின்றன. கட்டுமானக் கட்டத்தில் மருத்துவமனைகளும் பராமரிப்பு இல்லங்களும் இதில் அடங்கும்.

இவற்றுக்கு ‘வாயில்கள்’ எனப்படும் மூன்று தடைநிலைகள் உண்டு. முதலாவது, திட்ட அனுமதியின்போது தீப்பாதுகாப்பைப் பரிசீலிப்பது. இரண்டாவது, பணி தொடங்கும் முன் விரிவான வடிவமைப்புக்கு ஒப்புதல் பெறுவது. மூன்றாவது, பணி முடிந்தபின் நிறைவுச் சான்றிதழ் பெறுவது. இரண்டாம் வாயிலைக் கடக்காமல் பணியைத் தொடங்குவது குற்றமாகும். முன்பு கட்டுநரே தமக்கான ஆய்வாளரைத் தேர்வு செய்ய முடிந்தது. 2023 அக்டோபர் முதல் இப்பொறுப்பு கட்டடப் பாதுகாப்பு ஒழுங்காற்று அமைப்பிடம் மட்டுமே உள்ளது.

பணியின்போது என்ன நடக்கிறது?

* ஒப்புதல் பெற்ற வடிவமைப்பில் பெரிய மாற்றம் செய்ய மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும். வேறு சில மாற்றங்களை முன்கூட்டியே தெரிவித்தால் போதுமானது. எனினும், ஒவ்வொரு மாற்றமும் அதற்கான காரணத்துடன் பதிவு செய்யப்பட வேண்டும்.
* வடிவமைப்பு, பொருள்கள், மாற்றங்கள் குறித்த விவரங்கள் ‘பொன் இழை’ எனப்படும் மின்னணு ஆவணத் தொகுப்பில் தொடர்ந்து பேணப்பட வேண்டும்.
* தீ பரவல் அல்லது கட்டமைப்புக் குலைவால் உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய குறை தென்பட்டால் உடனே தெரிவித்து, 10 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வ அறிக்கை அளிக்க வேண்டும்.
* குறிப்பிட்ட கட்டங்களில் ஆய்வு நடைபெறும். விதிமீறல் கண்டறியப்பட்டால் திருத்த அறிவிப்போ, பணி நிறுத்த அறிவிப்போ பிறப்பிக்கப்படலாம். விதிமீறலுக்கு அதிகபட்சம் 2 ஆண்டுகள் சிறைத்தண்டனை உண்டு.

சுவருக்குள் மறைந்துவிடும் தீத்தடுப்பு அடுக்கைப் பின்னாளில் பார்க்க இயலாது. அப்போது நம்பக்கூடியது, பணி நடந்தபோதே எழுதப்பட்ட பதிவு மட்டுமே.

தாமதம் என்ற விமர்சனம்

புதிய கட்டடங்களுக்கான இரண்டாம் வாயில் விண்ணப்பங்கள் மீது 12 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும். ஆனால், பல விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தேங்கின. பாதுகாப்பற்ற வெளிச்சுவர்களை அகற்றும் பணிகளும் இதனால் தாமதமாகின்றன என்ற புகார் எழுந்தது. ஒழுங்காற்று அமைப்பைத் தனி அமைப்பாக மாற்றுவதாக பிரிட்டன் அரசு 2025 ஜூனில் அறிவித்தது.

இந்தியாவில்

உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் எழுப்பப்பட்ட அனுமதியற்ற கட்டடம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று நாடு முழுமைக்குமான வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் காட்சிப்படுத்த வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவு செய்ய வேண்டும். நிறைவுச் சான்றிதழுக்குப் பின்னரே மின்சாரம், குடிநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் சில. சான்றிதழைச் சரிபார்த்த பின்னரே வங்கிகள் கட்டடத்தின் மீது கடன் வழங்க வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது.