வைகைச் சமவெளியின் அன்றாட வாழ்வும் சமூக அமைப்பும்: கீழடி, அழகர்மலை, பரவைச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வைகைக் கரையின் தொன்மை குறித்த விவாதம் பெரும்பாலும் காலக்கணிப்பையே மையமாகக் கொண்டுள்ளது. அக்கரையில் வாழ்ந்தோர் எவ்வாறு உண்டனர், உழைத்தனர், உறவாடினர் என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. கீழடியின் வாழிடப் பொருள்களையும் அழகர்மலைக் கல்வெட்டுகளையும் கொந்தகை, பரவை ஆகிய இடங்களின் ஈமத் தாழிகளையும் ஒருசேர வைத்து, அச்சமூகத்தைப் பற்றி எவற்றை உறுதியாகக் கூறலாம், எவற்றைக் கூறலாகாது என இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கீழடி, பரவை, முதுமக்கள் தாழி, தமிழி, அன்றாட வாழ்வு, சமூகப் படிநிலை.

முன்னுரை

ஒரு பண்டைய சமூகத்தைப் பற்றிய அறிவு, அது எதை விட்டுச்சென்றது என்பதைப் பொறுத்தே அமைகிறது. மெக்சிகோ வளைகுடாக் கரையில் தழைத்த ஓல்மெக் நாகரிகம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஆட்சியாளர்களுடையவை எனக் கருதப்படும் பெருங்கல் தலைகள் 17 இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. ஆயினும் அந்நிலத்தின் ஈரமும் அமிலத்தன்மையும் மிக்க மண்ணில் மனித எலும்புகள் பெரும்பாலும் அழிந்தமையால், எளிய மக்களின் உடலும் உணவும் நோயும் பற்றிய செய்திகள் அரிதாகவே கிடைக்கின்றன.

வைகைச் சமவெளியின் நிலை இதற்கு நேர்மாறானது. அரசனின் உருவமோ அரண்மனையோ இங்குக் கிடைக்கவில்லை. உலைக்குச் சென்ற பானையும் நூல் நூற்ற தக்களியும் சிறுவர் ஆடிய சில்லும் இறந்தோரைச் சுமந்த தாழியும் கிடைத்துள்ளன. இவ்வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் சமூக வரலாறு பிழையான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும்.

வாழிடமும் உணவும்

கீழடி, மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் சிவகங்கை மாவட்டத்தில் அமைந்துள்ளது. இந்தியத் தொல்லியல் துறை 2014 முதல் 2017 வரை மூன்று கட்டங்களாக இங்கு அகழாய்வு செய்தது. அதன்பின் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்து மேற்கொண்டு வருகிறது. நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிம மாதிரி கி.மு. 580 எனக் காலம் கணிக்கப்பட்டது.

செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சுடுமண் உறைகிணறுகளும் நிலையான குடியிருப்பைக் காட்டுகின்றன. மழைநீர் வழிந்தோட ஓடுகளில் வரிப்பள்ளங்கள் இடப்பட்டுள்ளன. ஓலைக் கூரையோடு ஒப்பிட, ஓட்டுக் கூரைக்குச் சூளையும் எரிபொருளும் கொல்லனின் ஆணியும் வேண்டும். ஆகவே ஒரு வீட்டின் கூரையே பல தொழிலாளரின் கூட்டுழைப்பைக் குறிக்கிறது.

ஆய்வுக்குட்படுத்தப்பட்ட 70 எலும்பு மாதிரிகளில் 53 விழுக்காடு மாடு, எருமை, ஆடு ஆகியவற்றைச் சார்ந்தவை. கலைமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவற்றின் எலும்புகளும் அடையாளம் காணப்பட்டன. சில எலும்புகளில் காணப்படும் வெட்டுத் தடங்கள் அவ்விலங்குகள் உணவாயின என்பதைக் காட்டுகின்றன. உழவும் கால்நடை வளர்ப்பும் முதன்மையாக இருந்த காலத்திலும் வேட்டை முற்றிலும் கைவிடப்படவில்லை என்பது இதனால் புலனாகிறது. திணைகளைத் தனித்தனி வாழ்முறைகளாகப் பிரித்துக் காணும் வழக்கத்தை இச்சான்று மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகிறது. மருத நிலத்துக் குடியிருப்பு ஒன்றிலேயே பல வாழ்முறைகள் கலந்திருந்தன.

நெசவும் வணிகமும்

தக்களிகள், நூலைத் தொங்கவிடப் பயன்பட்ட கற்கள், கூர்முனை எலும்புக் கருவிகள், செம்பு ஊசி ஆகியவை கீழடியில் நெசவுத் தொழிலின் பல படிநிலைகள் நிகழ்ந்தமையைக் காட்டுகின்றன. நெய்த துணி எங்குச் சென்றது என்பதற்கான விடையை அழகர்மலைத் தமிழிக் கல்வெட்டுகளில் தேடலாம். சமணத் துறவியரின் இருக்கைகளுக்குக் கொடையளித்தோருள் அறுவை வணிகன், உப்பு வணிகன், கொழு வணிகன், பணித வணிகன், பொன் கொல்லன் ஆகியோர் அங்குக் குறிக்கப்படுகின்றனர். துணி, உப்பு, கலப்பைக் கொழு, வெல்லப்பாகு, பொன் என ஒரு நகரின் அன்றாடத் தேவைகள் அனைத்தும் இப்பட்டியலில் அடங்கிவிடுகின்றன. மாங்குளம் கல்வெட்டு வெள்ளறை நிகமத்தாரைக் குறிப்பதால், வணிகர் குழுவாக இயங்கியமையும் தெரியவருகிறது.

ஆனால் ஒன்று கருதத்தக்கது. கல்லில் பெயர் பெற்றவன் துணியை விற்ற வணிகனே. நூல் நூற்றவரும் தறியில் அமர்ந்தவரும் பெயரின்றியே உள்ளனர். கல்வெட்டு செல்வமுடையோரின் ஆவணமாகவும் தக்களி உழைத்தோரின் ஆவணமாகவும் அமைகின்றன. இரண்டையும் இணைத்துக் காணும்போதே நெசவுத் தொழிலின் சமூக உருவம் முழுமையடையும்.

எழுத்தும் பெயரும்

கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் 56 தமிழி எழுத்துப் பொறிப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் ஆதன் போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. பானை சுடப்பட்ட பின்னரே எழுத்துகள் கீறப்பட்டுள்ளன. எழுத்தமைதியும் ஓட்டுக்கு ஓடு மாறுபடுகிறது. ஆகவே அவற்றைக் குயவர் மட்டும் எழுதவில்லை, பயன்படுத்தியோரும் எழுதினர் எனக் கொள்ள இடமுண்டு.

இதிலிருந்து அக்காலச் சமூகம் முழுவதும் எழுத்தறிவு பெற்றிருந்தது என முடிவுகட்டுவது பொருந்தாது. எழுத்து அரசவைக்கோ சமய நிறுவனத்துக்கோ மட்டும் உரியதாக இல்லாமல் வீட்டுப் புழக்கத்திற்கும் வந்திருந்தது என்பதே சான்று அனுமதிக்கும் எல்லை. தன் பானை இன்னொருவரின் பானையோடு கலந்துவிடலாகாது என்னும் எண்ணம் உடைமையுணர்வைக் காட்டுகிறது. ஆதன் என்னும் பெயர் அழகர்மலையில் பொற்கொல்லனுக்கும் வழங்குவதால், பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் குலத்தையோ தகுதியையோ கணிக்க இயலாது.

தாழிகளும் சமூகப் படிநிலையும்

கீழடியில் பெருங்கோயிலும் அரண்மனையும் கிடைக்காமையைக் கொண்டு, அது ஏற்றத்தாழ்வற்ற சமூகம் எனக் கூறும் போக்கு காணப்படுகிறது. இது இன்மையைச் சான்றாகக் கொள்ளும் பிழை. அகழப்பட்ட பரப்பு மேட்டின் ஒரு சிறு பகுதியே. மேலும் பொன் அணிகலன்கள், தந்தச் சீப்பு, சூதுபவள மணிகள் ஆகியவை அங்குக் கிடைத்துள்ளன. அவை எல்லார் வீட்டிலும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

படிநிலையை அறிய வாழிடத்தை மட்டும் தோண்டினால் போதாது, இடுகாட்டையும் காணவேண்டும். கீழடி மக்களின் ஈமக்காடாகக் கருதப்படும் கொந்தகையில் தாழிகளும் எலும்புக்கூடுகளும் வெளிப்பட்டுள்ளன. அங்குக் கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு இரு ஆண்களின் முகங்கள் 2025இல் மீட்டுருவாக்கப்பட்டன. ஓல்மெக் நிலத்தில் ஆள்வோரின் கல்முகம் எஞ்ச, வைகைக் கரையில் பெயரறியா மனிதரின் முகம் மீண்டுள்ளது. தாழியின் அளவு, உடன் வைக்கப்பட்ட கலங்கள், எலும்பில் பதிந்த உழைப்பின் சுவடு ஆகியவற்றை ஒப்பிட்டால் இறந்தோரிடையே நிலவிய வேறுபாடுகள் துலங்கும். கணவனை இழந்த பெண் தனக்கும் இடமுண்டாகப் பெருந்தாழி வனையுமாறு குயவனை வேண்டுவதாக அமைந்த புறநானூற்று 256ஆம் பாடல், தாழி ஓர் உறவின் ஆவணமாகவும் இருந்ததை உணர்த்துகிறது.

இவ்விடத்தில்தான் பரவையின் முதன்மை வெளிப்படுகிறது. மதுரைக்கு வடமேற்கே வைகையின் வடகரையில் உள்ள இவ்வூரும், நகரின் தென்கிழக்கே உள்ள அனுப்பானடியும் முதுமக்கள் தாழிகள் பதிவான இடங்களாகும். கீழடியை மட்டும் தனித்து நோக்கினால் அது ஒற்றை அதிசயமாகத் தோன்றும். பரவையையும் அனுப்பானடியையும் கொந்தகையையும் சேர்த்து நோக்கும்போது, ஆற்றின் இரு கரைகளிலும் பரவியிருந்த குடியிருப்புத் தொடர் ஒன்றின் கூறாகக் கீழடி விளங்கும்.

முடிவுரை

வைகைச் சமவெளியின் பண்டைய மக்கள் உழவும் கால்நடையும் வேட்டையும் கலந்த உணவுமுறையையும், தொழிற்பிரிவினையின்மீது அமைந்த வீட்டு வாழ்வையும், அன்றாடப் புழக்கத்திற்கு வந்த எழுத்தையும் கொண்டிருந்தனர் என்பது உறுதி. அவர்களிடையே செல்வ வேறுபாடு இருந்தமைக்கும் குறிப்புகள் உள்ளன. அவ்வேறுபாட்டின் அளவை வரையறுக்கும் சான்றுகள் இடுகாடுகளிலேயே உள்ளன. மதுரையின் புறநகர்களில் வயல்கள் வீட்டுமனைகளாக மாறிவரும் இந்நாளில், அடித்தளம் தோண்டும்போது உடையும் ஒவ்வொரு தாழியோடும் அச்சான்றின் ஒரு பகுதி மீளா வகையில் அழிகிறது. ஆகவே பரவை உள்ளிட்ட ஈமக்காடுகளை எல்லை வரையறுத்து முறையாகக் கள ஆய்வு செய்வது காலத்தின் தேவையாகும். தமிழரின் தொன்மை எத்தனை நூற்றாண்டு பின்செல்கிறது என்னும் வினாவோடு, அத்தொன்மையில் யார் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவையும் ஆய்வுலகம் நிகராக வைத்தல் வேண்டும்.