கலப்புக் குறிகைச் சில்லுகளில் இரைச்சல் தடுப்பு

கலப்புக் குறிகைச் சில்லு என்பது, இடைவிடாது மாறும் அனலாக் குறிகையையும் 0, 1 என்ற இரண்டே நிலைகள் கொண்ட எண்ணிமக் குறிகையையும் ஒரே சிலிக்கான் துண்டில் கையாளும் தொகுசுற்று ஆகும். எண்ணிமச் சுற்று நிலை மாறும் ஒவ்வொரு முறையும் எழும் மின்துடிப்பு, அருகிலுள்ள அனலாக் சுற்றில் இரைச்சலாகப் புகுகிறது. இதைத் தடுப்பது சில்லின் இடவமைப்பை வரைவோரின் நெடுநாள் சிக்கல்.

1975 இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்கிரியரி, பால் கிரே இருவரும், மின்னூட்டப் பகிர்வால் இயங்கும் அனலாக்-எண்ணிம மாற்றியை மாஸ் எனப்படும் உலோக ஆக்சைடு குறைகடத்தி முறையில் செய்து காட்டினர். எண்ணிமச் சில்லுகளும் அதே முறையில் உருவானவை. இரண்டையும் ஒன்றாக வைக்க வழி பிறந்தது; தொல்லையும் கூடவே வந்தது.

வீட்டில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் விளக்கு ஒரு கணம் மங்குவதுண்டு. இரண்டுக்கும் மின்வழி ஒன்று என்பதே காரணம். சில்லிலும் அப்படித்தான். எனவே இரு பகுதிகளுக்கும் தனித்தனி மின்வழி அமைத்தனர். அவற்றைத் தள்ளி வைத்தனர். நடுவே காப்பு வளையம் இட்டனர்.

ஆனால் இரைச்சல் சிலிக்கான் அடித்தளம் வழியாகவும் பரவும். 1993 இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் சூ, மார்க் லொயினாஸ், ஷோயிச்சி மசுயி, புரூஸ் வூலி ஆகியோர் இதை அளந்து வெளியிட்டனர். மின்தடை மிகக் குறைந்த அடித்தளத்தின்மேல் மெல்லிய மேலடுக்கு வளர்க்கப்பட்ட சில்லுகளில், இரைச்சல் கீழே இறங்கி எங்கும் பரவிவிடுகிறது. மேலடுக்கின் தடிமனைப் போல் நான்கு மடங்குக்கு மேல் விலக்கி வைப்பதால் பயன் ஏறக்குறைய இல்லை. காப்பு வளையமும் பெரிதாகக் காக்கவில்லை. அடித்தளத்தை வெளியே இணைக்கும் கம்பியின் மின்தூண்டலைக் குறைப்பதே சிறந்த பலன் தந்தது. இதை வைத்துக் காப்பு வளையமே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. மின்தடை மிகுந்த அடித்தளத்தில் வளையமும் தூரமும் நன்றாகவே உதவுகின்றன. எந்த அடித்தளம் என்று கேட்காமல் விதியை மனப்பாடம் செய்வதில்தான் பிழை.

அனலாக் பகுதிக்கு எவ்வளவு அமைதி தேவை என்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் சாந்தி பவன், நாகேந்திர கிருஷ்ணபுரா உள்ளிட்டோர் 2008 இல் வெளியிட்ட ஒலி மாற்றி நல்ல சான்று. 0.18 மைக்ரோமீட்டர் தொழில்நுட்பத்தில் அமைந்த அது 90 மைக்ரோவாட்டில் இயங்கி, 93.5 டெசிபல் இயங்கு வீச்சை எட்டியது. அதாவது, உச்ச அளவில் ஏறத்தாழ 47,000 இல் ஒரு பங்கே உள்ள குறிகையும் அதற்குக் கேட்கும். 1.8 வோல்ட் மின்வழங்கலில் இயங்கும் அதே சில்லில்தான் எண்ணிமச் சுற்றுகளும் ஏறி இறங்குகின்றன.